மூங்கில் புதருக்கு அடியில் ஒரு தையல்காரர்

இப்போ யூடியூப்ல ஒரு வகை வீடியோ நல்லா ஓடுது, பார்த்திருப்பீங்க. ஒரு ஆளு மண்வெட்டியோட காட்டுக்குள்ள போவாரு. குழி தோண்டி, மேல கட்டையை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, இலை தழையைப் பரப்பி விட்டுட்டு, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அப்புறம் உள்ள இறங்கி ஒரு ராத்திரி தூங்குவாரு. காலைல எழுந்து காபி போட்டுக் குடிச்சிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாரு. நானும் இதையெல்லாம் விடாம பார்க்கிறவன்தான் :-)

ஆனா பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜப்பான்காரர் ஞாபகம் வந்துடும். பேரு ஷோய்ச்சி யோகோய். இந்த மாதிரி ஒரு குழிக்குள்ள வருஷக்கணக்கில் தூங்கி எழுந்தவர். அவருக்கு கேமரா கிடையாது. காலைல திரும்பிப் போக வீடும் கிடையாது. கொஞ்சம் பெரிய கதை, பொறுமையாப் படிங்க.

யோகோய் 1915-ல் ஜப்பானின் அய்ச்சி மாகாணத்தில் பிறந்தவர். தொழில் தையல். 1941-ல் ராணுவத்துக்கு இழுத்துக்கிட்டாங்க. முதல்ல மஞ்சூரியா, அப்புறம் பசிபிக் கடலில் இருக்கிற குவாம் தீவு. மேப்பில் தேடினால் ஒரு புள்ளிதான் தெரியும். மொத்தப் பரப்பே சுமார் 549 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சியை விட கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

குவாம் அமெரிக்காவின் கையில் இருந்த தீவு. 1941 டிசம்பரில் ஜப்பான் அதைப் பிடித்தது. 1944 ஜூலை 21 அன்று அமெரிக்கப் படை திரும்ப வந்து இறங்கியது. மூணே வாரம். ஆகஸ்ட் 10-ம் தேதி தீவு எங்கள் கையில்னு அமெரிக்கா அறிவிச்சிடுச்சு. அங்கே இருந்த ஜப்பானியர்களில் சுமார் 18,000 பேர் செத்துப் போனாங்க. மிச்சம் இருந்தவங்களில் சிலர் காட்டுக்குள் ஓடினாங்க. அதில் ஒருத்தர் யோகோய்.

ஆரம்பத்தில் அவரோட சுமார் பத்துப் பேர் இருந்தாங்க. ஆனா பத்துப் பேர் ஒளிஞ்சு வாழ முடியாதுங்க. பத்து வயிறு, பத்து பேரோட காலடித் தடம், பத்து பேருக்குச் சமைக்கிற புகை. அதனால கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு போய், கடைசியில் மூணு பேர் மட்டும் அந்தப் பக்கத்தில் தங்கினாங்க. அவங்களும் தனித்தனி இடத்தில் இருந்துக்கிட்டு அப்பப்போ போய்ப் பார்த்துப்பாங்க. 1964 வாக்கில் மத்த ரெண்டு பேரும் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் எட்டு வருஷம் யோகோய் பேசுறதுக்கு ஒரு ஆள் இல்லை.

சரி, குழிக்கு வருவோம்.

தாலோஃபோஃபோ ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் புதர். அதுக்கு அடியில்தான் குழி. மேல ஒரு ஆள் இறங்குற அளவுக்கு வாய். அதை மூங்கில் தட்டியால் மூடி மறைச்சிருந்தார். ஏணி வைத்து ஏழெட்டு அடி இறங்கினால், பக்கவாட்டில் ஒரு சுரங்கம் மாதிரி அறை. நீளம் சுமார் ஒன்பது அடி. உயரம்? மூணே அடி! நம்ம வீட்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருக்கிற உயரத்தை விட கொஞ்சம் அதிகம். உட்காரலாம், படுக்கலாம், தவழலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. மேல மண்ணு சரியாம இருக்க மூங்கிலை முட்டுக் கொடுத்திருந்தார்.

இந்த மாதிரி குழிக்கு எதிரின்னு பார்த்தா ஆளை விட மத்த விஷயங்கள்தான். முதல்ல மண்ணு. தோண்டின மண்ணு தோண்டின இடத்திலேயே குவிஞ்சு கிடந்தா, அது "இங்க வா"ன்னு கைகாட்டுற மாதிரி. அதைக் கண்ணுக்குத் தெரியாம கரைக்கணும். ரெண்டாவது காத்து. மூடின குழிக்குள்ள ஒரு ஆள் தூங்கினாலே மூச்சு முட்டும், அடுப்பும் எரிச்சா கேட்கவே வேணாம். அதனால யோகோய் காத்துக்குன்னு தனியா ஒரு துளை வெச்சிருந்தார். மூணாவது கழிவு. உள்ளேயே வெச்சா வியாதி, வெளியே போட்டா நாத்தம் காட்டிக் கொடுத்துடும். அவர் குழிக்குள்ளேயே கக்கூஸ் மாதிரி ஒண்ணு அமைச்சு, அது சரிவில் ஆற்றுப் பக்கம் போற மாதிரி வழி விட்டிருந்தார். மூங்கில் புதரை ஏன் தேர்ந்தெடுத்தார்? மூங்கில் வேர் வலை மாதிரி பின்னிக்கிட்டு மண்ணைப் பிடிச்சு வைக்கும். கூரை அவ்வளவு சுலபமா இடிஞ்சு விழாது. பாருங்க, பாதி கட்டட வேலையை மூங்கிலே செஞ்சுடுச்சு.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு சொல்லணும். 1940-ல் ஜெர்மனி படையெடுத்து வந்துடும்னு பயந்த பிரிட்டன், "துணைப் பிரிவுகள்"னு ஒரு ரகசியப் படையை உருவாக்கியது. பெரும்பாலும் விவசாயிகள், வேட்டைக் காவலர்கள், அந்தந்த ஊர் மண்ணை அறிஞ்சவங்க. அவங்களுக்காக நாடு முழுக்க காட்டுக்குள்ளே நூற்றுக்கணக்கில் நிலத்தடிப் பதுங்கிடங்கள் கட்டினாங்க. வளைஞ்ச இரும்புத் தகடு, செங்கல், சிமென்ட் குழாயில் தப்பிக்கிற வழி, அடுக்குக் கட்டில்... எல்லாம் ராணுவப் பொறியாளர்கள் கைவண்ணம். அதில் வெச்சிருந்த சாப்பாடு ரெண்டு வாரத்துக்குத்தான்! அதுக்கு மேல அந்த ஆளுங்க உயிரோட இருப்பாங்கன்னு யாரும் கணக்கே போடலை. ஜெர்மன்காரன் வரவே இல்லை, 1944 நவம்பரில் படையைக் கலைச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதே 1944-ல்தான் நம்ம தையல்காரர் காட்டுக்குள் போறார். அவருக்குப் பொறியாளரும் இல்லை, சிமென்டும் இல்லை. எத்தனை நாளைக்குன்னு கணக்கும் இல்லை.

அவரைக் காப்பாத்தினது ராணுவப் பயிற்சின்னு நான் நினைக்கலை. தையல்தான் காப்பாத்துச்சு.

போட்டிருந்த சீருடை நைஞ்சு போச்சு. குவாமில் பாகோன்னு ஒரு மரம் உண்டு, நம்ம பூவரசு, செம்பருத்தி குடும்பம். அதோட பட்டையை உரிச்சு, நார் எடுத்து, நூலாக்கி, தானே ஒரு தறி செஞ்சு துணி நெய்தார். பித்தளையைத் தட்டி ஊசி செஞ்சார். டார்ச் லைட்டோட பிளாஸ்டிக்கை வெட்டிப் பட்டன் ஆக்கினார். அந்தச் சட்டைக்கு ஒழுங்கா காஜா எடுத்து, கால்சட்டைக்கு பெல்ட் மாட்டுற பட்டி வெச்சுத் தைச்சார். யார் பார்க்கப் போறாங்க சொல்லுங்க? மூணடி உயரக் குழியில், தேங்காய் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், காஜா சரியா இருக்கணும்னு ஒருத்தர் மெனக்கெட்டிருக்கார். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கைக்கு ஒரு வேலை இருந்ததால்தான் அந்த மனுஷன் பைத்தியம் பிடிக்காம இருந்தார்னு தோணுது.

சாப்பாடு? ஆத்து இறால், விலாங்கு, எலி, தேரை, நத்தை, தேங்காய். சைகஸ் வகைக் கொட்டை ஒண்ணு அங்கே கிடைக்கும், ஆனா விஷம். நாள்கணக்கா தண்ணியில் ஊற வெச்சு, தண்ணியை மாத்தி மாத்தி விஷத்தை எடுத்துட்டுத்தான் சாப்பிடணும். வெளியே வர்றதெல்லாம் பெரும்பாலும் இருட்டினப்புறம்தான்.

இப்போ முக்கியமான விஷயம். "பாவம், போர் முடிஞ்சதே தெரியாம 28 வருஷம் இருந்துட்டார்"னுதான் பல இடங்களில் எழுதுவாங்க. அப்படி இல்லைங்க. 1952-லேயே ஒரு துண்டுப் பிரசுரம் மூலமா போர் முடிஞ்சது அவருக்குத் தெரியும். அதுக்கப்புறமும் இருபது வருஷம் வெளியே வரலை!

ஏன்? 1941-ல் ஜப்பான் ராணுவம் தன் சிப்பாய்களுக்கு "சென்ஜின்குன்"னு ஒரு நடத்தை விதிப் புத்தகம் கொடுத்தது. உயிரோட எதிரி கையில் கைதியாகிற அவமானம் கூடாதுங்கிறது அதோட சாரம். குவாமில் செத்த 18,000 பேரில் எத்தனையோ பேர் சரணடைஞ்சிருந்தா பிழைச்சிருக்கலாம். யோகோய் சாகவும் இல்லை, சரணடையவும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு குழி தோண்டிக்கிட்டார்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. குவாமின் சொந்த மக்கள் சமோரோக்கள். ஜப்பான் ஆட்சியில் அவங்க பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஆயிரக்கணக்கானவங்களை நடத்திக் கூட்டிட்டுப் போய் மனெங்கோன் முகாமில் அடைச்சாங்க. 1944 ஜூலையில் மெரிசோ கிராமத்துக்காரர்கள் 46 பேரை ரெண்டு இடத்தில் கொன்னாங்க. அந்த ராணுவத்தில் மிஞ்சின ஒருத்தன் ஊருக்குள் நடந்து வந்தா என்ன ஆகும்? அந்த பயம் வெறும் கற்பனை இல்லை. யோகோயை வெறும் பாவப்பட்ட ஆளா மட்டும் பார்க்கிறவங்க இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கணும்.

வெளியே உலகம் எங்கேயோ போயிடுச்சு. 1965-லிருந்து குவாமில் இருந்து பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பறந்தன. 1967-ல் டோக்கியோவில் இருந்து நேரடி விமானம் விட்டு, ஜப்பான் புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்கு குவாம் வர ஆரம்பிச்சாங்க. தீவோட ஒரு பக்கம் ஹோட்டலில் ஜப்பான்காரங்க, இன்னொரு பக்கம் மண்ணுக்குள் ஒரு ஜப்பான்காரர்.

1972 ஜனவரி 24, சாயங்காலம். ஜீசஸ் டுவேனியாஸ், மானுவல் டி கிராசியா என்ற ரெண்டு உள்ளூர்க்காரர்கள் ஆற்றில் இறால் கூடையைப் பார்க்கப் போனாங்க. யோகோயும் இறால் பிடிக்க வந்திருந்தார். தன் உயிருக்கு ஆபத்துன்னு நினைச்சு அவர் பாய, உடம்பில் தெம்பில்லாததால ரெண்டு பேரும் சுலபமா அடக்கிட்டாங்க. கவனிங்க, குழியை யாரும் கண்டுபிடிக்கலை. அந்தக் குழி கடைசி வரைக்கும் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது. பசிதான் அவரை வெளியே கூட்டி வந்தது.

அவர் பயந்தபடி யாரும் கொல்லலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், சூடா சூப் கொடுத்துட்டு, அப்புறம்தான் அதிகாரிகளிடம் ஒப்படைச்சாங்க. இருபது வருஷம் முன்னாடி வெளியே வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்குமா? சொல்ல முடியாது. ஆனா 1960-ல் இதே தீவில் இன்னும் ரெண்டு ஜப்பானியச் சிப்பாய்கள் பிடிபட்டு, உயிரோட ஊர் போய்ச் சேர்ந்தாங்க.

பிப்ரவரி 2-ம் தேதி ஜப்பான் திரும்பினார். உயிரோட திரும்பி வந்ததே வெட்கமா இருக்குங்கிற அர்த்தத்தில் அவர் சொன்ன வார்த்தை அந்த நாட்டில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிப்போச்சு. அதே வருஷம் நவம்பரில் கல்யாணம். தேனிலவுக்கு எங்கே போனார் தெரியுமா? குவாம்! 1974-ல் தேர்தலில் நின்னு தோத்தார். சிக்கனமா வாழ்றது எப்படின்னு ஊர் ஊராப் பேசினார். 1997 செப்டம்பரில், 82 வயசில் மாரடைப்பில் காலமானார். அவர் நெய்த துணி, செஞ்ச கருவிகளை எல்லாம் இன்னிக்கும் பத்திரமா வெச்சிருக்காங்க.

பதுங்குகுழின்னா ஈழத்து மக்களுக்கு குண்டு விழும்போது ஓடி இறங்குற இடம். விமானம் போனதும் ஏறி வந்துடணும், வந்தாதான் வாழ்க்கை. யோகோயோட விமானம் 1945-லேயே போயிடுச்சு. போயிடுச்சுன்னு 1952-ல் தெரிஞ்சும் அவரால ஏற முடியலை. மூங்கில் தட்டியைத் தள்ள ஒரு கை போதும். ஆனா கைதியாகாதேன்னு எவனோ எழுதி வெச்ச வரி அதுக்கு மேல உட்கார்ந்திருந்தது. எழுத வெச்ச ஆட்சி எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு, வரி மட்டும் ஒரு தையல்காரர் தலையில் இருபது வருஷம் கனத்துக்கிட்டு இருந்திருக்கு.

ஒரு கடைசித் தகவல். அவர் செத்துட்டார்னு அரசாங்கம் அறிவிச்ச பிறகு, 1955-ல் அவருடைய அம்மா மகனுக்காக ஒரு கல்லறைக் கல் வெச்சாங்க. அப்போ மகன் குவாமில் உயிரோட இருந்தார், மண்ணுக்கு அடியில். 42 வருஷம் கழிச்சு அவரை அந்தக் கல்லுக்கு அடியிலேயே அடக்கம் பண்ணினாங்க.