பழையகோட்டை பட்டக்காரர்

பழையகோட்டை பட்டக்காரர் என்போர், கொங்கு நாட்டின் காங்கேயம் பகுதியில் பல தலைமுறைகளாக வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் செய்துவந்த ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் தலைவர்கள் ஆவர். "சர்க்கரை மன்றாடியார்" என்பது இக்குடும்பத்தின் பட்டப்பெயர். நத்தக்காடையூருக்கு அருகில் உள்ள பழையகோட்டை, 2009ஆம் ஆண்டு வரை ஈரோடு மாவட்டத்திலும் அதன் பின்னர் திருப்பூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. காங்கேயம் மாட்டினத்தைப் பேணி வளர்த்தமையால் இக்குடும்பத்தின் பெயர் கொங்கு வட்டாரத்திற்கு வெளியிலும் அறியப்படுகின்றது.

பெயரும் பட்டமும்

கொங்கு வேளாளரிடையே பட்டக்காரர் எனச் சிறப்பிக்கப்படும் குடும்பங்கள் நான்கு. பழையகோட்டை, சங்கரண்டாம்பாளையம், காடையூர், புதூர் ஆகியன அவற்றின் ஊர்கள். நாட்டுத் தலைமை, வழக்குத் தீர்த்தல், கோயில் முதல்மரியாதை ஆகியவை இவர்களுக்கு உரியனவாக இருந்தன. பழையகோட்டையார் பயிரன் குலத்தைச் சேர்ந்தவர்கள். கார்மேகக் கவிஞர் இயற்றிய கொங்கு மண்டல சதகம் ஆணூர்ச் சர்க்கரை என்னும் வள்ளலைப் போற்றுகின்றது. அவரைத் தம் முன்னோராக இக்குடும்ப மரபு கொள்கின்றது.

மன்றாடி என்ற சொல்லுக்கு மன்றத்தில் அமர்ந்து வழக்குரைப்பவர் எனப் பொருள் கூறுவது வழக்கம். ஆயின் சோழர் காலக் கல்வெட்டுகளில், நந்தா விளக்கிற்காகக் கோயிலுக்கு விடப்பட்ட ஆடுகளைப் பொறுப்பேற்று நெய் அளந்த ஆயர்களும் மன்றாடிகள் எனப்படுகின்றனர். மாடு வளர்ப்பால் பெயர் பெற்ற குடும்பத்திற்கு இப்பட்டம் அமைந்தது பொருத்தமே.

கொறங்காடும் மந்தையும்

காங்கேயம் பகுதி ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழையே பெறும் செம்மண், சரளை நிலம். இங்கு மேய்ச்சலுக்கென்றே தனியார் நிலங்கள் ஒதுக்கப்படுகின்றன. இவை கொறங்காடு எனப்படும். முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விடுவர். புல் காயும் கோடையில் வெள்வேல நெற்று தீவனமாகும். நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்த பின் மற்றொன்றிற்கு மாடுகளை மாற்றுவர். ஒரே அடைப்பில் மாடுகள் தொடர்ந்து நின்றால் புல் வேரோடு அழிந்துவிடும். எனவே பெரிய மந்தை வைத்திருக்க, பரந்த நிலம் ஒரே கையில் இருக்க வேண்டியதாயிற்று. பட்டக்காரர் குடும்பத்திடம் அது இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பட்டக்காரராக விளங்கிய நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வதில் ஈடுபாடு காட்டினார். காங்கேயம் இனத்தின் மேம்பாட்டிற்கு இவரது முயற்சியே முதன்மைக் காரணம் எனக் கால்நடை அறிவியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. இவ்வினக் கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் அடையும். பொலிகாளைகளுக்குத் திமிலும் முன், பின் பகுதிகளும் கருமை ஏறும். மயிலை, காரி, செவலை எனப் பெயரிட்டு அழைப்பது உழவர் வழக்கு. பால் குறைவு, நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரையே கிடைக்கும். கவலை இறைத்தல், பாரவண்டி, உழவு ஆகியவற்றிற்கே இவை வளர்க்கப்பட்டன.

நிலச்சட்டமும் இயந்திரமும்

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவை வட்டாரக் கிணறுகளில் மின்மோட்டார் பரவியது. கவலை இறைத்த எருதுகளுக்கு வேலை குறைந்தது. பின்னர் உழுவை இயந்திரமும் சரக்குந்தும் ஏனைய வேலைகளையும் எடுத்துக்கொண்டன.

1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வரம்பிட்டது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. நிலமற்றோருக்கு நிலம் என்ற நோக்கில் இச்சட்டத்தின் நியாயம் மறுக்க இயலாதது. பட்டக்காரரின் பரந்த காடுகளில் மேய்த்தும் உழைத்தும் வாழ்ந்த குடிகளுக்கு அந்நிலம் சொந்தமாக இருந்ததில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் பெரும் மேய்ச்சல் நிலங்களை நம்பிய மந்தை முறைக்கு அத்துடன் இடமில்லாமல் போயிற்று. பொலிகாளையைப் பேணும் செலவு, நான்கைந்து மாடுகள் மட்டும் வைத்திருக்கும் சிறு உழவர்மேல் விழுந்தது. அவர்களுள் பலர் சினை ஊசியையும் சீமைக் கலப்பினப் பசுவையும் நாடினர். 1990இல் சுமார் 11.7 இலட்சமாக இருந்த காங்கேயம் மாடுகள் 2000இல் சுமார் 4.8 இலட்சமாகக் குறைந்தன என ஒரு மதிப்பீடு கூறுகின்றது.

அண்மைக் காலம்

2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டிற்குத் தடை விதித்ததும், 2017 சனவரியில் எழுந்த போராட்டமும் நாட்டு மாடுகளின்பால் கவனத்தைத் திருப்பின. குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தையும் கொறங்காட்டையும் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் விழாவை ஒட்டி மாட்டுச்சந்தை கூடுவது பழைய வழக்கம். பழையகோட்டையிலும் காங்கேயம் இனத்திற்கென ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணி ஏற்பட்டது. முன்னர் ஒரு குடும்பத்தின் மந்தையால் அறியப்பட்ட அவ்வூரில், சிறு உழவர்கள் தத்தம் மாடுகளைக் கயிற்றில் பிடித்து வந்து விலை பேசுகின்றனர்.