குழந்தை உறக்க ஆலோசகர்

குழந்தை உறக்க ஆலோசகர் என்பவர் கைக்குழந்தைகள், சிறு குழந்தைகள் ஆகியோரின் உறக்கப் பழக்கங்கள் குறித்துப் பெற்றோருக்குக் கட்டணம் பெற்று வழிகாட்டுபவர் ஆவார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தொழிலைச் செய்ய அரசு உரிமம் தேவையில்லை. தனியார் பயிற்சி நிறுவனங்கள் சான்றிதழ் வழங்குகின்றன. தொழில்முறைச் சங்கங்கள் ஒழுக்க நெறிகளை வகுக்கின்றன. இவ்விரண்டும் சட்டப்படி கட்டாயமானவை அல்ல. இக்கட்டுரை அமெரிக்க நடைமுறையை விளக்குகிறது.

பின்னணி

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இலும், குழந்தை மருத்துவர் மார்க் வைஸ்புளூத் 1987இலும் வெளியிட்ட நூல்கள் குழந்தை உறக்கப் பயிற்சியைப் பெற்றோரிடையே பரப்பின. அழும் குழந்தையை உடனே தூக்காமல், படிப்படியாகக் கூடும் இடைவெளிகளில் சென்று தேற்றுவது ஃபெர்பர் முறையின் சாரம் ஆகும்.

இத்தகைய நடத்தைசார் முறைகள் பற்றிய 52 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2006இல் வெளியானது. பெரும்பாலான ஆய்வுகளில் இம்முறைகள் பயனளித்ததாக அது கூறியது. எனினும், ஒரு முறைக்கு ஆய்வுச் சான்று இருப்பது வேறு; அதைக் கற்பிப்பவர் தகுதி உடையவரா என்பது வேறு.

பணி

ஆலோசகர், குழந்தையின் வயது, உறங்கும் நேரம், பாலூட்டும் நேரம் முதலியவற்றைக் கேட்டறிந்து ஒரு திட்டம் வகுக்கிறார். பின்னர் சில நாட்கள் அல்லது வாரங்கள் பெற்றோருடன் தொடர்பில் இருந்து அத்திட்டத்தைச் சரிசெய்கிறார். நோயைக் கண்டறிவதும் மருந்து பரிந்துரைப்பதும் இவர் பணி அல்ல. குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று போதல், எடை கூடாமை போன்றவை காணப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சான்றிதழ், தகுதிச்சான்று, உரிமம்

இம்மூன்றும் ஒன்றோடொன்று குழப்பப்படுவது உண்டு.

* சான்றிதழ்: ஒரு பாடநெறியை முடித்ததற்காக அதை நடத்திய நிறுவனமே தருவது.
* தகுதிச்சான்று: கற்பித்தவரைச் சாராத தனி வாரியம் தேர்வு நடத்தித் தருவது.
* உரிமம்: அரசு தருவது. இது இல்லாமல் தொழில் செய்வது குற்றமாகும்.

குழந்தை உறக்க ஆலோசகர்கள் 'சான்று பெற்றவர்' எனக் குறிப்பிட்டுக் கொள்ளும்போது பெரும்பாலும் முதல் வகையே குறிக்கப்படுகிறது. பாடநெறிகளின் கால அளவும் உள்ளடக்கமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன.

சங்கங்கள்

பன்னாட்டுக் குழந்தை உறக்க ஆலோசகர் சங்கம், தொழில்முறை உறக்க ஆலோசகர் சங்கம் ஆகியவை இத்துறையில் அறியப்பட்டவை. இவற்றில் சேர்வது தன்விருப்பின் பாற்பட்டது. உரிமம் வழங்கும் அரசு வாரியத்தைப் போலன்றி, ஒரு சங்கத்தால் உறுப்பினரை நீக்க மட்டுமே இயலும். அவர் தொழில் செய்வதைத் தடுக்க இயலாது.

பிற தொழில்களுடன் ஒப்பீடு

* உறக்க மருத்துவர்: குழந்தை மருத்துவம் போன்றதொரு துறையில் பயிற்சி முடித்தபின் ஓராண்டு சிறப்புப் பயிற்சியும் வாரியத் தேர்வும் உண்டு. அமெரிக்க மருத்துவச் சிறப்பு வாரியங்களின் இத்தேர்வு 2007இல் தொடங்கியது.
* நடத்தைசார் உறக்க மருத்துவ வல்லுநர்: உளவியலாளர் முதலிய சுகாதாரத் தொழிலர்களுக்குத் தனி வாரியம் ஒன்று தேர்வு நடத்துகிறது.
* உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர்: நியூ ஜெர்சி, லூசியானா முதலிய சில மாநிலங்களில் உரிமம் தேவை.
* தாய்ப்பாலூட்டல் ஆலோசகர்: 1985 முதல் பன்னாட்டு வாரியம் ஒன்று தேர்வு நடத்துகிறது. களப்பயிற்சி நேரமும் கட்டாயம்.

ஆக, உறங்கும் குழந்தையின் தலையில் மின்முனை பொருத்துபவருக்குச் சில மாநிலங்களில் உரிமம் வேண்டும்; அக்குழந்தையை எவ்வாறு உறங்கவைப்பது எனக் கூறுபவருக்கு வேண்டியதில்லை.

குழந்தைப் பாதுகாப்பு

தகுதி பற்றிய கேள்வி உயிர்ப் பாதுகாப்புடன் தொடர்புடையது. திடீர்ச் சிசு மரணத்தைக் குறைக்க, கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் பரிந்துரைத்தது. மல்லாந்து படுக்கவைக்கும்படி வலியுறுத்தும் நாடு தழுவிய பரப்புரை 1994இல் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் இவ்வகை மரண வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இக்கழகம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, படுக்கை உறுதியாகவும் சமதளமாகவும் இருத்தல் வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, எடையூட்டப்பட்ட உறக்க ஆடை ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். நீண்ட நேரம் உறங்கவைப்பதற்காக இவற்றுக்கு மாறாகக் கூறப்படும் ஆலோசனை, அதைக் கூறுபவர் எச்சான்றிதழ் பெற்றிருப்பினும், ஏற்கத்தக்கதன்று.

இவற்றையும் பார்க்கவும்

* உறக்கம்
* குழந்தை மருத்துவம்
* திடீர்ச் சிசு மரணம்