பரசூட்டும் விண்கலமும்

1963ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதி வொஸ்தொக் 6 கலத்தில் விண்வெளி சென்ற வலன்ரீனா தெரெஸ்கோவாவின் பெயரைப் பொது அறிவுப் போட்டிகளுக்காக நம் மாணவியர் மனனஞ் செய்கின்றனர். நெசவாலைத் தொழிலாளி ஒருவர் அவ்விடத்தை எவ்வாறு அடைந்தார் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. விளையாட்டின் வழியே அடைந்தார் என்றாற் பலர் நகைப்பர். ஆயினும் வரலாறு அதுவே.

தெரெஸ்கோவா 1937இல் யாரொஸ்லாவ்ல் நகரை அண்டிய சிற்றூரொன்றிற் பிறந்தவர். உழவுயந்திரஞ் செலுத்திய தந்தை பின்லாந்துப் போரில் மாண்டார், தாய் ஆலைத்தொழிலாளி. இளவயதிலேயே ரயர்த் தொழிற்சாலைக்கும் பின்னர் நெசவாலைக்கும் வேலைக்குப் போன அவர், தபால்வழி பயின்று 1960இல் இலகு கைத்தொழில் நுட்பக் கல்வியை முடித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே உள்ளூர் விமானக் கழகத்திற் சேர்ந்து பரசூட்டிற் குதிக்கப் பழகியிருந்தார். பிறநாடுகளில் வசதி படைத்தோரின் களியாட்டமாயிருந்த வான்விளையாட்டு, அரசின் ஆதரவினால் அங்கே தொழிலாளர் நகரங்களுக்கும் வந்திருந்தது.

1962இல் விண்வெளிப் பயிற்சிக்கு ஐந்து பெண்கள் தெரிவுசெய்யப்பட்டபோது அப்பழக்கமே அவருக்குக் கைகொடுத்தது. காரணம் மிக எளிது. வொஸ்தொக் கலம் தரையை மோதும் வேகம் உள்ளிருப்பவருக்கு ஆபத்தானது. ஆதலால் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் உயரத்தில் ஆசனத்தோடு வெளியே வீசப்பட்டுத் தனியே பரசூட்டில் இறங்கவேண்டும். கலத்தின் இயக்கமோ பெரும்பாலுந் தன்னியக்கமானது. எனவே விமானி அல்லாத ஒருவருக்கும் அங்கே இடமிருந்தது. குதிக்க அஞ்சுபவருக்கு இருக்கவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான மணித்தியாலம் விமானமோட்டிய ஜெரி கொப் 1962இல் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் பெண்களுக்காக வாதாடினார். ஜெற் விமானங்களைப் பரீட்சிக்கும் விமானிகளே வேண்டுமென்றனர். அவ்வேலையைப் பெண்களுக்குக் கொடுக்கவோ மறுத்தனர். கதவைப் பூட்டிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது போன்றது இது. பரீட்சை நெருங்கியதும் வலைப்பந்துத் திடலிலிருந்து மாணவியரை அழைத்துக்கொண்டு, பின்னர் பெண்பிள்ளைகளுக்குத் துணிவில்லை என்று குறைகூறும் நாமும் இதனையே செய்கிறோம்.

இனி, நம் நண்பர்கள் சிலர் விரும்பாத பகுதிக்கு வருவோம். முந்திக்கொள்ளும் ஆசை தீர்ந்ததும் சோவியத் தலைமைக்குப் பெண்கள்பால் இருந்த அக்கறையுந் தளர்ந்தது. தெரெஸ்கோவா பொறியியல் பயின்று 1969இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டிற் பெண்கள் குழு கலைக்கப்பட்டது. ஏனைய நால்வரும் ஒருமுறையேனும் விண்வெளி செல்லவில்லை. அவர்களுள் இரினா சலவ்யோவா பொறியியலாளர், பரசூட் வீராங்கனை. வலன்ரீனா பனமர்யோவா விமானமோட்டவும் கற்றவர். விளையாட்டு அவர்களை வாயில்வரை கொண்டுசென்றது. அதற்கு அப்பாலான முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டன.

அடுத்த பெண் செல்லப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. அவரும் விளையாட்டுத் திடல் தந்தவரே. ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா பரசூட்டிற் சாதனைகள் படைத்தவர். 1970இல் விமான சாகசப் போட்டியில் உலக வெற்றிவீராங்கனை. மொஸ்கோ விமானவியல் நிறுவனத்திற் பயின்றவர். 1982இல் சல்யூத் 7 நிலையத்தை அவர் அடைந்தபோது, அங்கிருந்த ஆண்கள் சமையலுக்கான மேலாடை ஒன்றைக் கொடுத்து வரவேற்றனர். ஈராண்டின் பின் அதே நிலையத்துக்கு மீண்டுஞ் சென்ற சவீத்ஸ்கயா, 1984 யூலை 25 அன்று வெளியே வந்து விண்வெளியில் நின்றபடி உலோகத் தகடுகளை வெட்டியும் ஒட்டியும் பரிசோதனை செய்தார்.