கணினி ஏறிய தாய்லாந்து எழுத்துகள்

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த பின்னர், வீட்டுக் கணினியில் தமிழ் சரியாகத் தெரிவதற்காக மொழி அமைப்புப் பகுதியில் ஒரு கட்டத்தில் சரி அடையாளம் இட்டவர்களுள் நானும் ஒருவன். அதே அடையாளம் தாய்லாந்து மொழிக்கும் வழி திறந்தது. பல்லவ எழுத்திலிருந்து கெமர் எழுத்தின் வழியாகப் பிறந்தது அம்மொழியின் எழுத்து.

அதில் மெய்யெழுத்துகள் 44. எட்வின் மக்ஃபார்லண்ட் 1890களின் தொடக்கத்தில் உருவாக்கிய தட்டச்சுப் பொறியில் அவற்றுள் இரண்டுக்கு இடம் கிடைக்கவில்லை. அவ்விரண்டும் வழக்கொழிய அதுவும் ஒரு காரணமாயிற்று.

கணினிக்கு 1986இலேயே டிஐஎஸ் 620 என்னும் தேசிய நியமத்தைத் தாய்லாந்து வகுத்தது. கைவிடப்பட்ட இரு எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. மெய்க்கு முன்னே நிற்கும் உயிர்க்குறியை முதலில் தட்டும் பழக்கமும் காக்கப்பட்டது. 1991இல் யூனிகோட் அவ்வமைப்பையே ஏற்றது. தமிழுக்கோ இந்திய நியமமான இஸ்கியின் அமைப்பு வந்தது. 'கெ' என்பதில் முன்னே தெரியும் ஒற்றைக்கொம்பு ககரத்தின் பின்னரே பதிவாகிறது.

நாம் ஆளுக்கோர் எழுத்துருவில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலாமல் நெடுங்காலம் இடர்ப்பட்டோம். பொறி விலக்கிய எழுத்தை நியமத்தால் மீட்ட தாய்லாந்தின் வரலாறு, நாமும் அறிந்திருக்க வேண்டியதொன்று.