கலங்கல் கடந்த நீர்

தாம்பரம் வட்டாரத்து ஓடைகளைப் பற்றிப் பேசப் புகுந்தால், ஏரிகளிலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, அடுத்த ஏரியை நாடிச் செல்லும் கால்வாயே இப்பகுதியில் ஓடை. சிட்லபாக்கத்தில் மிகுந்த நீர் செம்பாக்கத்தை அடையும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என இறங்கிப் பள்ளிக்கரணைக் கழுவெளியில் தேங்கும். பின்னர் ஒக்கியம் மடுவும் பக்கிங்காம் கால்வாயும் அதனைக் கோவளத்தருகே கடலிற் சேர்க்கும்.

இத்தகைய ஏரிகளைக் காத்தவர் யாவர்? இதே தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. அது பத்தாம் நூற்றாண்டு. ஆங்கிலேயர் ஆட்சியிலோ, ஏரிக்கரை உடையும் வேளையில் ஊரார் வேலைக்கு வர வேண்டுமென்று 1858இல் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. பழைய குடிமராமத்து முழுவதும் மகிழ்ச்சியோடு நடந்ததென்று நான் சொல்லத் துணியேன். மண் சுமந்தவருள் நிலமற்றோர் பலர். ஆயினும் ஏரி வற்றினால் ஊரே பசிக்கும் என்ற உறவு ஒன்று இருந்தது.

வயல்கள் மனைகளானபோது அவ்வுறவு அறுந்தது. பாசனம் இல்லாத ஏரி யாருக்கும் வேண்டாத பள்ளமாயிற்று. கழிவுநீர் புகுந்தது, ஆகாயத்தாமரை மூடியது. பெருங்குடியில் கழுவெளியே குப்பைமேடாயிற்று. அடையாற்றுப் பக்கமும் இதே கதைதான். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

இழந்த இயற்கையை மீட்க இயலும் என்பதற்குத் தாம்பரத்திலேயே பழைய சான்று உண்டு. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டின் ஒரு பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வேதியியல் கற்பித்த எட்வர்டு பார்ன்சு, தாவரங்களை ஆராய்வதில் பெருவிருப்பமுடையவர். வளாகத்தின் மரங்களைப் பேணி வளர்த்தார். இன்றும் அங்கே புதர்க்காடும் புள்ளிமானும் உண்டு.

நீர்நிலைகளுக்கு வருவோம். சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்னும் அமைப்பாகத் திரண்டனர். 2019ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் அவர்களே ஏரியில் இறங்கினர். அவ்வாண்டே அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. செம்பாக்கத்தில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை மீட்புப் பணியில் இணைந்தன. பள்ளிக்கரணைக்காக ஊரார் பல்லாண்டுகள் முறையிட்டனர். 2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் கழுவெளி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் எழுந்த உடன்படிக்கை அது. இவர்களுள் ஏரி நீரால் நெல் விளைப்பவர் அரியர். வெள்ளத்தைப் பற்றிய அச்சமும், பூநாரையையும் நீளவால் இலைக்கோழியையும் காணும் ஆவலுமே இவர்களை ஏரியோடு பிணைக்கின்றன. பசி கட்டிய அளவுக்கு இக்கயிறு உறுதியாகக் கட்டுமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

அதனினும் பெரிய கவலை மற்றொன்று. கரையும் நடைபாதையும் உள்ள ஏரிக்கு அன்பர் கிடைத்துவிட்டனர். இரண்டு ஏரிகளுக்கு இடையே வீடுகளின் பின்புறம் ஒடுங்கிக் கிடக்கும் கால்வாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை. அது அடைபட்டால் மேல் ஏரி ஊரை மூழ்கடிக்கும். கீழ் ஏரி வறண்டு கிடக்கும். பழைய கிராமப் புலப்படங்களில் அது ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று எல்லையோடு குறிக்கப்பட்டிருக்கும். மாணவ நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் அப்படத்தோடு சிட்லபாக்கம் கலங்கலில் புறப்பட்டுச் செம்பாக்கம் வரை நடந்து பார்க்கலாம்.