கோர்னெல் பல்கலைக்கழக ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி: பருவங்களின் வழியே ஒரு வரலாறு

கோர்னெல் பல்கலைக்கழக ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடும் மாணவர் அணியாகும். 'பிக் ரெட்' என்பது இதன் செல்லப்பெயர். 1900–01 பருவத்தில் முதன்முதலாகக் களமிறங்கிய இவ்வணி, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியச் சாம்பியன் பட்டத்தை வென்றது. கிழக்குப் பகுதிக் கல்லூரிகளின் இசிஏசி தொடர் பட்டத்தை 2025 வரை 14 முறை வென்றுள்ளது.

கல்லூரி ஐஸ் ஹாக்கிப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டின் வசந்த காலத் தொடக்கத்தில் முடிகிறது. அதனால்தான் ஒரு பருவம் இரண்டு ஆண்டுகளின் பெயரால் குறிக்கப்படுகிறது. பருவப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி: வெற்றி, தோல்வி, சமநிலை. 27–1–1 என்றால் 27 வெற்றி, 1 தோல்வி, 1 சமநிலை. கோர்னெலின் பட்டியலில் இரண்டு வரிகள் தனித்து நிற்கின்றன. ஒன்று 1969–70 பருவத்தின் 29–0–0. மற்றொன்று 2019–20 பருவத்தின் 23–2–4. இரண்டிலும் ஆடப்பட்டவை 29 ஆட்டங்களே. முதலாவது தேசியப் பட்டத்தில் முடிந்தது. இரண்டாவது முடிவே இல்லாமல் நின்றுபோனது.

ஏரிப் பனியில் தொடக்கம்

தொடக்க காலத்தில் அணிக்குச் சொந்த அரங்கம் கிடையாது. பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பீபி ஏரி குளிர்காலத்தில் உறைந்ததும் அதன் மேல்தான் வீரர்கள் ஆடினர். பனி உறுதியாக உறைய வேண்டும். உறைந்தது உருகாமலும் இருக்க வேண்டும். சில நாள் வெயில் அடித்தால் பயிற்சியும் ஆட்டமும் நின்றுவிடும்.

இந்த நிலையிலும் 1910–11 பருவத்தில், டால்பட் ஹண்டர் என்ற பயிற்றுநரின் கீழ், அணி 10 ஆட்டங்களில் ஆடி பத்திலும் வென்று கல்லூரிகளுக்கிடையிலான லீக் பட்டத்தைப் பெற்றது. தேசியச் சாம்பியன் தொடர் 1948இல்தான் தொடங்கியது என்பதால் அந்தச் சாதனை தேசியப் பட்டங்களின் கணக்கில் வருவதில்லை. 1920 முதல் 1947 வரை கனடாவைச் சேர்ந்த நிக் பால்ஃப் பயிற்றுநராக இருந்தார். அவருக்குப் பின் ஒரே ஒரு பருவம் நடந்தது. தேசியத் தொடர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டில் கோர்னெல் தன் அணியை நிறுத்திவிட்டது.

லைனா அரங்கம்

அடுத்த ஒன்பது பருவங்கள் பட்டியலில் வெறுமையாக உள்ளன. 1957இல் லைனா பனியரங்கம் திறக்கப்பட்ட பிறகே அணி உயிர்பெற்றது. பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவரும் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவருமான ஜேம்ஸ் லைனாவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. செயற்கையாகக் குளிரூட்டப்பட்ட தளம் என்பதால் இனி வானிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 1957–58 பருவத்தில் பால் பேட்டன் பயிற்சியில் அணி மீண்டும் களமிறங்கியது.

இன்று சுமார் 4,267 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம் இது. தளத்துக்கு மிக அருகில் இருக்கைகள் இருப்பதால் எதிரணிக்கு இங்கு ஆடுவது கடினம். ஹார்வர்டு அணி இங்கு வரும்போது பார்வையாளர்கள் தளத்தின் மீது மீன்களை வீசுவது நெடுநாள் வழக்கம்.

ஹார்க்னஸ் காலம், 1963–1970

1963இல் நெட் ஹார்க்னஸ் பயிற்றுநரானார். கனடாவின் ஒட்டாவாவில் பிறந்தவர். ரென்சலியர் பாலிடெக்னிக் கல்வி நிறுவன அணியை 1954இல் தேசியச் சாம்பியனாக்கியவர். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. ஆகவே நல்ல வீரராகவும் கோர்னெலில் இடம்பெறத் தகுந்த மாணவராகவும் இருப்பவர்களை அவர் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கனடாவிலிருந்து வந்தனர்.

அவருடைய ஏழு பருவங்களை வரிசையாகப் பார்த்தால் ஏற்றம் தெளிவாகத் தெரியும்: 1963–64இல் 12–10–1, அடுத்து 19–7, பின்னர் 22–5, அதன்பின் 27–1–1, 27–2, 27–2, கடைசியாக 29–0. மொத்தம் 163 வெற்றி, 27 தோல்வி, 2 சமநிலை. அந்த 27 தோல்விகளில் 22 முதல் மூன்று பருவங்களில் வந்தவை.

நான்காம் பருவத்தில் நேர்ந்த மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் கென் டிரைடன் என்ற கோல்காப்பாளர். கனடாவின் ஹாமில்டனில் பிறந்த அவரைத் தொழில்முறை அணியினர் 1964இலேயே தேர்ந்தெடுத்திருந்தனர். அவரோ படிப்பை முன்னிட்டு கோர்னெலில் சேர்ந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அக்கால விதிகள் இடம்தரவில்லை. எனவே 1966–67 முதல் மூன்று பருவங்கள் ஆடினார். அவர் கோலைக் காத்த ஆட்டங்களின் கணக்கு 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமநிலை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக அவர் விட்ட கோல்கள் 1.59 மட்டுமே.

1967 மார்ச்சில் சிராகியூஸ் நகரில் நடந்த தேசியத் தொடரின் அரையிறுதியில் வடக்கு டகோட்டாவை 1–0 என்றும், இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4–1 என்றும் வென்று கோர்னெல் முதல் முறையாகச் சாம்பியனானது. 1968 அரையிறுதியில் அதே வடக்கு டகோட்டாவிடம் 3–1 எனத் தோற்றது. 1969 இறுதியில் டென்வரிடம் 4–3 என ஒரு கோலில் பட்டத்தை இழந்தது. டிரைடன் அத்துடன் பட்டம் பெற்று வெளியேறினார்.

29–0–0

டிரைடன் இல்லாத முதல் பருவத்தில் அணி பின்தங்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நடந்ததோ வேறு. கோல்காப்பாளர் பொறுப்பை பிரையன் கிராப்பர் ஏற்றார். ஒவ்வோர் ஆட்டமாக அணி வென்றுகொண்டே போனது.

தோல்வியற்ற பருவம் என்றதும் எல்லா ஆட்டமும் எளிதில் முடிந்தது போலத் தோன்றும். கடைசி மூன்று ஆட்டங்கள் அப்படி இல்லை. இசிஏசி இறுதியில் கிளார்க்சனை 3–2 என வென்றது. தேசிய அரையிறுதியில் விஸ்கான்சினை 2–1 என வென்றது. இரண்டிலும் ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். லேக் பிளாசிட் நகரில் நடந்த தேசிய இறுதியில் மீண்டும் கிளார்க்சன். ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் மூன்று பகுதிகளாக ஆடப்படும். அந்த மூன்றாம் பகுதியில் தற்காப்பு வீரர் டான் லோட்போவா மூன்று கோல்களை அடித்தார். ஆட்டம் 6–4 என முடிந்தது.

தோல்வியோ சமநிலையோ இன்றி தேசியப் பட்டம் வென்ற வேறு அணி கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் இன்றுவரை இல்லை. அந்த ஆண்டே ஹார்க்னஸ் தொழில்முறை அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸின் பயிற்றுநராகச் சென்றார். 1970 அணியின் தலைவர்களில் ஒருவரான டிக் பெர்ட்ரண்டே அடுத்த பயிற்றுநரானார். டிரைடன் 1971இல் மாண்ட்ரியால் அணியுடன் ஸ்டான்லி கோப்பையை வென்றார். அக்கோப்பையை மொத்தம் ஆறு முறை வென்ற அவர், பின்னாளில் வழக்கறிஞராகவும் எழுத்தாளராகவும் கனடாவின் அமைச்சராகவும் விளங்கி, 2025இல் காலமானார்.

1970க்குப் பின்

பெர்ட்ரண்டின் கீழ் அணி 1972 தேசிய இறுதிக்குச் சென்று பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 4–0 எனத் தோற்றது. 1973 அரையிறுதியில் விஸ்கான்சினுக்கு எதிராக 4–0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து விநாடி இருக்கையில் விஸ்கான்சின் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 6–5 என வென்றது. 1980இல் இசிஏசி தொடரில் எட்டாம் இடத்து அணியாக நுழைந்து பட்டத்தையே வென்றது இக்காலத்தின் வியப்பான நிகழ்வு.

1984இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல வலுவான அணிகள் இசிஏசியிலிருந்து பிரிந்து ஹாக்கி ஈஸ்ட் என்ற புதிய கூட்டமைப்பை அமைத்தன. கோர்னெல் பழைய அமைப்பிலேயே நீடித்தது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற ஜோ நியூவென்டைக் 1984 முதல் 1987 வரை இங்கு ஆடினார். 1986இல் இசிஏசி பட்டம் கிடைத்தது. அதன் பிறகு பத்தாண்டுகள் பட்டமில்லாமல் கழிந்தன.

ஷேபர் காலம், 1995–2025

1986இல் பட்டம் வென்ற அணியின் தலைவர் மைக் ஷேபர் 1995இல் பயிற்றுநராகத் திரும்பினார். அவருடைய முதல் இரண்டு பருவங்களிலுமே, 1996இலும் 1997இலும், இசிஏசி பட்டம் வந்தது. கோல் விடாமல் தடுப்பதையே அடித்தளமாகக் கொண்ட ஆட்டமுறை அவருடையது. 2002–03 பருவத்தில் அணி 30–5–1 என முடித்தது. கோல்காப்பாளர் டேவிட் லெனெவ்யூ அப்பருவத்தில் சராசரியாக விட்ட கோல்கள் 1.20. ஆயினும் தேசிய அரையிறுதியில் நியூ ஹாம்ப்ஷயரிடம் 3–2 எனத் தோற்றது.

தேசியத் தொடரில் ஓர் ஆட்டத்தில் தோற்றாலே வெளியேற வேண்டும். தொழில்முறைத் தொடரைப் போல ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் வாய்ப்பு இதில் இல்லை. இந்த விதி கோர்னெலைப் பலமுறை வாட்டியது. 2005இல் மின்னசோட்டாவிடம் கூடுதல் நேரத்தில் 2–1. 2006இல் விஸ்கான்சினிடம் மூன்றாவது கூடுதல் நேரத்தில் 1–0. இரண்டுமே அரையிறுதிக்கு முந்தைய ஆட்டங்கள். விஸ்கான்சின் அந்த ஆண்டு சாம்பியனானது.

23–2–4

2019–20இல் கோர்னெல் இசிஏசி வழக்கமான பருவத்திலும் ஐவி லீகிலும் முதலிடம் பெற்றது. நாட்டளவிலான தரவரிசையிலும் முதலிடம். மகளிர் அணியும் அதே நேரத்தில் நாட்டில் முதலிடத்தில் இருந்தது. தொடர் ஆட்டங்கள் தொடங்கும் வேளையில் கோவிட் பெருந்தொற்று பரவியது. 2020 மார்ச் 12 அன்று தேசியத் தொடர் கைவிடப்பட்டது.

ஒரு கல்லூரி வீரருக்குச் சில பருவங்களே உண்டு. இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த மார்ச் திரும்பி வரவில்லை. 1970க்குப் பின் முதல் தேசியப் பட்டம் என்ற வாய்ப்பு தோல்வியால் போயிருந்தால் பட்டியலில் அதற்கொரு எண் இருந்திருக்கும். அடுத்த 2020–21 பருவத்தை ஐவி லீக் முழுவதுமாக ரத்து செய்தது. 1957க்குப் பின் முதல் முறையாக, கோர்னெலின் பட்டியலில் மீண்டும் ஒரு வெற்று வரி விழுந்தது.

அண்மைப் பருவங்கள்

2023 தேசியத் தொடரில் நடப்புச் சாம்பியன் டென்வரை 2–0 என வீழ்த்திய அணி, அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 2–1 எனத் தோற்றது. 2024இல் இசிஏசி பட்டம் வென்று, தேசியத் தொடரில் டென்வரிடம் 2–1 எனத் தோற்றது. 2025இல் மீண்டும் இசிஏசி பட்டம். தேசியத் தொடரில் மிச்சிகன் ஸ்டேட்டை 4–3 என வென்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 3–2 என இழந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஷேபர் விடைபெற்ற ஆட்டம் அது. முன்னாள் கோர்னெல் வீரர் கேசி ஜோன்ஸ் பொறுப்பேற்றார்.

பட்டியல் சொல்வது

1969, 1973, 2003, 2005, 2006, 2023, 2024, 2025 ஆகிய எட்டு ஆண்டுகளிலும் கோர்னெல் தேசியத் தொடரில் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது. 1970இல் இசிஏசி இறுதியிலும் தேசிய அரையிறுதியிலும் அதே ஒரு கோலில் வென்றது. 29–0–0 என்ற வரிக்கும் மற்ற நல்ல பருவங்களுக்கும் உள்ள தூரம் எண்களில் பெரிதாகத் தெரிந்தாலும், பனித்தளத்தில் அது ஒரு கோலின் தூரமே. பீபி ஏரி உருகியதாலும் அரங்கம் இல்லாததாலும் பெருந்தொற்றாலும் ஆடப்படாமல் போன ஆட்டங்களும் இந்த வரலாற்றின் பகுதியே. ஓர் அணியின் பருவப் பட்டியலைப் படிக்கும் மாணவர், பட்டங்களோடு வெற்று வரிகளையும் நின்று கவனித்தால், அணி எப்படி உருவானது என்பது இன்னும் தெளிவாக விளங்கும்.