வேடத்தைத் தொடரும் இசையும் நடிகரைத் தொடரும் இசையும்: ஜேம்ஸ் பாண்ட் அடையாள இசையும் தமிழ் உளவுப் படங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஜேம்ஸ் பாண்ட் திரைப்பட வரிசையில் நாயக நடிகர் மாறும்போதெல்லாம் அதன் அடையாள இசையும் புதிய கோலம் பூணுகிறது. ஆயினும் அடிப்படை மெட்டு மாறுவதில்லை. தமிழ் உளவுப் படங்களில் நிலைமை நேர்மாறானது. இங்கு நடிகர் நிலைத்திருக்க, இசை படத்துக்குப் படம் மாறுகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களை 1962 முதல் 2022 வரையிலான படங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உளவுப் படம், அடையாள இசை, பின்னணி இசை, நட்சத்திர முறை, வேதா, தேவா.

மெட்டின் பிறப்பு

1962ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இலண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘டாக்டர் நோ’ படத்தில் பாண்ட் அடையாள இசை ஒலித்தது. இசையமைப்பாளராகப் பதிவு பெற்றவர் மாண்டி நார்மன். அதனை வாத்தியக் குழுவுக்கேற்ப அமைத்தவர் ஜான் பாரி. மின் கிதாரில் வாசித்தவர் விக் ஃபிளிக். இம்மெட்டின் மூலம் பாண்ட் படத்திற்காக எழுதப்பட்டதன்று என்பது கவனத்திற்குரியது. வி. எஸ். நைபால் 1961இல் வெளியிட்ட ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ புதினத்தை இசை நாடகமாக்கும் முயற்சி ஒன்றிற்காக நார்மன் அமைத்திருந்த பாடலே அது. டிரினிடாட் தீவில் ஒப்பந்தக் கூலிகளாகக் குடியேறிய இந்தியரின் வழித்தோன்றல் ஒருவரின் வாழ்வைச் சொல்லும் அப்புதினத்திற்காக, இந்தியச் சாயலில் அமைந்த மெட்டு பிரித்தானிய உளவாளியின் முத்திரையாயிற்று. மெட்டின் உரிமை நார்மனுக்கா பாரிக்கா என்ற சர்ச்சை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. தம் படைப்புரிமையை மறுத்து எழுதிய ‘சண்டே டைம்ஸ்’ இதழ்மீது நார்மன் தொடுத்த அவதூறு வழக்கில், 2001இல் அவருக்கு 30,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

இசையமைப்பு மிக எளியது. அடியில் ஒரு சுரம் அரைச்சுரம் அரைச்சுரமாக இரு படி ஏறி, மீண்டும் இறங்குகிறது. அதன்மேல் கிதாரின் சொற்பமான சுரங்கள். பின்னர் ட்ரம்பெட்டும் டிராம்போனும் எழுப்பும் முழக்கம். இந்த மூன்று அடுக்குகளில் எதை முன்னிறுத்துவது, எதை ஒளிப்பது என்பதே பின்வந்தோர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட வினா.

நடிகரா, காலமா?

ஷான் கானரிக்குப் பின் ஜார்ஜ் லேசன்பி நடித்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தில் (1969) பாரி, மூக் சின்தசைசரை நுழைத்தார். ரோஜர் மூரின் முதற்படமான ‘லிவ் அண்ட் லெட் டை’யில் (1973) ஜார்ஜ் மார்ட்டின் அதே மெட்டுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் தாளத்தைக் கொடுத்தார். 1977இல் மார்வின் ஹாம்லிஷ் அதனை டிஸ்கோவாக்கினார். பாரி மீண்டும் வந்தபோது, மூருக்குரிய படங்களில் கிதாரின் இடத்தைப் பெரும்பாலும் வயலின் கூட்டிசைக்கு அளித்தார். மூரின் மென்னகைக்குக் கிதாரின் முரட்டுத்தனம் பொருந்தாது என்று பாரி கருதியதாகக் கொள்வதற்கு இடமுண்டு. திமோதி டால்டனின் முதற்படம் ‘தி லிவிங் டேலைட்ஸ்’ (1987) பாரி இசையமைத்த பதினோராவதும் இறுதியானதுமான பாண்ட் படம். அதில் மின்னணுத் தாளம் சேர்ந்தது. பியர்ஸ் பிராஸ்னனின் ‘கோல்டன்ஐ’ (1995) படத்தில் எரிக் செர்ரா மரபிலிருந்து மிக விலகிச் சென்றார். பீட்டர்ஸ்பர்க் நகரில் பீரங்கி வண்டி விரையும் காட்சிக்கு அவருடைய இசை ஏற்கப்படாமல், ஜான் ஆல்ட்மன் பழைய முறையில் வேறொன்று அமைத்துக் கொடுக்க நேர்ந்தது.

இவ்வரிசையை நோக்குவோர் ‘நடிகர்க்கு ஏற்ப இசை மாறியது’ என்று எளிதில் முடிவு கட்டுவர். அது பாதி உண்மையே. மூர் நடித்த ஏழு படங்களுக்கு (1973–1985) மார்ட்டின், பாரி, ஹாம்லிஷ், பில் காண்ட்டி என நால்வர் இசையமைத்தனர். ஒரே நடிகரின் படங்களுக்குள் காணப்படும் வேறுபாடு, கானரிக்கும் லேசன்பிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. அந்தந்த ஆண்டின் வெகுமக்கள் இசையே பெரும்பாலான மாற்றங்களுக்குக் காரணம். நடிகர் மாற்றம் அதற்கு ஒரு வாய்ப்பை அளித்தது, அவ்வளவே.

நடிகரையும் வேடத்தையும் எண்ணியே இசை அமைந்த தெளிவான சான்று ‘கேசினோ ராயல்’ (2006). டேனியல் கிரேக் ஏற்ற வேடம் இன்னும் முழுமையான பாண்ட் ஆகவில்லை என்பது கதை. எனவே டேவிட் அர்னால்ட் படம் முழுதும் மெட்டின் துணுக்குகளை மட்டுமே காட்டி, நாயகன் தன் பெயரைச் சொல்லும் கடைசிக் காட்சியில்தான் முழு இசையையும் ஒலிக்கவிட்டார். இங்கு அடையாள இசை பட்டமளிப்புப் போல நிகழ்கிறது.

1983: ஒரு சோதனை

நடிகரா வேடமா என்ற வினாவுக்கு 1983ஆம் ஆண்டு தானாகவே ஒரு சோதனையை நடத்திக் காட்டியது. அவ்வாண்டு இரு பாண்ட் படங்கள் வெளிவந்தன. ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் கானரியே மீண்டும் நடித்தார். ஆனால் அது இயான் நிறுவனத்தின் தயாரிப்பு அன்று. ஆதலால் அடையாள இசையைப் பயன்படுத்தும் உரிமை அதற்கில்லை. மிஷேல் லெக்ராண்ட் புதிதாக இசையமைத்தார். முதல் பாண்ட் திரையில் இருந்தும் அவருடைய இசை இல்லை. மூர் நடித்த ‘ஆக்டோபஸி’யிலோ அவ்விசை கதைக்குள்ளேயே புகுந்துவிட்டது. உதயப்பூரில் பாண்ட் வந்திறங்கும்போது பாம்பாட்டி வேடத்தில் காத்திருக்கும் துணை உளவாளி, மகுடியில் அம்மெட்டை ஊதித் தன்னை அடையாளம் காட்டுகிறார். அவ்வேடத்தில் நடித்தவர் சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். இந்தியச் சாயலில் தொடங்கிய மெட்டு, இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நகைச்சுவைக் காட்சியாக இந்தியாவுக்கே திரும்பியது. பாண்ட் இசை நடிகருக்குரியதன்று, வேடத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனத்துக்குரியது என்பதை இவ்விரு படங்களும் சேர்ந்து மெய்ப்பிக்கின்றன.

115உம் தங்கச் சுரங்கமும்

பாண்ட் படங்களின் வெற்றி தமிழில் ஓர் உளவுப் பட அலையை எழுப்பியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சார்பில் ஆர். சுந்தரம் இயக்கிய ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய படங்கள் ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பெயரை நிலைநிறுத்தின. இவற்றுள் முன்னது பாண்ட் படத்தைத் தழுவியதன்று. ஓஎஸ்எஸ் 117 என்னும் பிரெஞ்சு உளவாளியின் 1964ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவியது. அவ்வுளவாளியை ஜான் புரூஸ் படைத்தது 1949இல், அதாவது பாண்ட் அச்சேறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே.

இரு படங்களுக்கும் இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்ற ஒற்றை வரியோடு இசை வரலாறு அவரைக் கடந்துவிடுகிறது. ‘யார் நீ?’ (1966) போன்ற மறுஆக்கங்களில் அது உண்மையே. ஆயினும் உளவுப் படங்களில் அவர் செய்த பணி வேறு. இரவு விடுதிப் பாடலுக்கு எல். ஆர். ஈஸ்வரியின் குரல், துரத்தல் காட்சிக்குக் கிதாரும் போங்கோவும், மறைவிடக் காட்சிக்கு நீண்ட மௌனத்தின் நடுவே ஒரு ட்ரம்பெட் என, தமிழ்ச் செவிக்கு அதுவரை பழகாத ஓர் ஒலியுலகை அவர் கட்டினார். ஆனால் ஒரு படத்திலிருந்து மறு படத்திற்குத் தொடரும் அடையாள மெட்டு எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. அதைக் கேட்பாரும் இல்லை. நாயகன் ஒருவனே என்றாலும் கதைகள் தனித்தனி. வேடம் ஒன்றின் தொடர்ச்சியை விற்கும் எண்ணம் தயாரிப்பாளரிடம் இல்லை. 1971இல் வேதா காலமானார்.

இதே காலத்தில் நட்சத்திர நடிகர் இருவரும் இத்துறையில் கால்வைத்தனர். பி. ஆர். பந்துலு இயக்கிய ‘ரகசிய போலீஸ் 115’ 1968 பொங்கலையொட்டி வெளிவந்தது, நாயகன் எம்.ஜி.ஆர்., இசை எம். எஸ். விஸ்வநாதன். மறு ஆண்டு டி. ஆர். ராமண்ணா இயக்கிய ‘தங்கச் சுரங்கம்’ வந்தது. நாயகன் சிவாஜி கணேசன், இசை டி. கே. ராமமூர்த்தி. 1965இல் பிரிந்த இரட்டையருள் ஒருவர் எம்.ஜி.ஆரின் உளவாளிக்கும் மற்றவர் சிவாஜியின் உளவாளிக்கும் இசையமைத்தமை தற்செயலே எனினும், ஒப்பீட்டுக்கு அரிய வாய்ப்பாகும். இரு நாயகர்க்கும் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். எம்.ஜி.ஆருக்கு உரத்த, நேர்படப் பேசும் குரல். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து எழுந்து உணர்ச்சிக்கேற்ப நெளியும் குரல் என அவர் வேறுபடுத்திப் பாடியது யாவரும் அறிந்ததே. பாண்ட் வரிசையில் கிதாரும் சின்தசைசரும் செய்த வேலையைத் தமிழில் பின்னணிப் பாடகரின் தொண்டை செய்தது. கதையில் எண் 115 ஆயினும் பாட்டில் அவர் எம்.ஜி.ஆரே.

புள்ளிகளாய்த் தோன்றிய எழுத்துகள்

1986இல் வந்த ‘விக்ரம்’ மாறுபட்ட முயற்சி. சுஜாதாவின் கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. இளையராஜா சின்தசைசர் ஒலிகளால் அமைத்த தலைப்புப் பாடலைக் கமல்ஹாசனே பாடினார். வேடத்தின் பெயரே பாடலின் மையம். ஒரு வரிசைக்கான அடையாள இசை தமிழில் உருவாகியிருக்கக்கூடும் என்றால், அது இதுதான். ஆனால் வரிசை தொடரவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் அதே நடிகரைக் கொண்டு படமெடுத்தபோது (2022), அனிருத் புதிய தலைப்பிசை அமைத்துத் தாமே பாடினார். இடையில் வந்த ‘விஸ்வரூபம்’ (2013) படத்துக்குச் சங்கர்–எசான்–லாய் இசையமைத்தனர். அதே வேடம் தொடர்ந்த இரண்டாம் பாகத்துக்கு (2018) ஜிப்ரான். நடிகர் ஒருவர், வேடம் ஒன்று, இசையோ இரண்டு.

பாண்ட் இசையின் உண்மையான தமிழ் வாரிசு உளவுப் படம் எதிலும் இல்லை. பால்காரன் ஒருவனின் கதையில் உள்ளது. 1992இல் வெளியான ‘அண்ணாமலை’க்குப் பாண்ட் படங்களின் தொடக்கக் காட்சியை மனத்திற்கொண்டு ஒரு முகப்பை இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா அமைத்தார். ‘சூப்பர் ஸ்டார்’ என்னும் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாய்ப் புள்ளிகளால் உருப்பெற, தேவாவின் இசை முழங்கியது. மொரிஸ் பைண்டர் வடிவமைத்த துப்பாக்கிக் குழல் காட்சியில் வட்டத்துக்குள் நடந்து வருவது வேடம்; எந்த நடிகரும் அங்கு நடக்கலாம். ‘அண்ணாமலை’யின் முகப்பில் தோன்றியதோ நடிகரின் பட்டம். வேறொருவர் அங்கு வர இயலாது. அம்முகப்பு பின்னர் வேறு இயக்குநர், வேறு தயாரிப்பாளர் எடுத்த ரஜினிகாந்த் படங்களுக்கும் தொடர்ந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற ஆயிரம் இருக்கை அரங்குகளில், எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளிகள் சீழ்க்கைக்கென்றே விடப்பட்டவை போல அமைந்தன. கூட்டத்தின் ஒலியும் அவ்விசையின் ஒரு வாத்தியமாயிற்று. தேவாவின் பெயர் மட்டும் பலர்க்கு நினைவில் நிற்கவில்லை. நார்மன் வழக்காடிப் பெற்றதைத் தேவா கேட்டதாகவும் தெரியவில்லை.

வேடம் நடிகரைவிட்டு நடிகருக்குச் சென்ற தமிழ்ச் சான்று ‘பில்லா’. கடத்தல் கூட்டத்துள் காவல்துறை ஆள்மாறாட்டத்தால் ஓர் ஒற்றனை நுழைக்கும் கதை. 1978ஆம் ஆண்டின் இந்தி ‘டான்’ படத்தின் மறுஆக்கம். 1980இல் ரஜினிகாந்துக்கு எம். எஸ். விஸ்வநாதன் இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய, நாயகன் தன் பெயரை அறிவிக்கும் பாடலை 2007இல் அஜித் நடித்த படத்துக்காக யுவன் சங்கர் ராஜா மறுகலவை செய்தார். மூலத்தில் பித்தளைக் கருவிகளும் துள்ளலும். மறுகலவையில் தாழ்ந்த மின்னணு அதிர்வு. முன்னதில் நாயகன் ஆடுகிறான். பின்னதில் கறுப்புக் கண்ணாடியோடு நடக்கிறான், நிற்கிறான். ஆயினும் அஜித் படத்தை நினைவுகூர்வோர் முணுமுணுப்பது அம்மறுகலவையையன்று, யுவன் புதிதாய் அமைத்த, சொற்களற்ற தீம் இசையையே.